நாச்சியம்மாளின் கை

"அவளக் கேட்டுப்போட்டுத் தொடு கண்ணு" என்றாள் ராசாத்தாள்.

கட்டிலின் இடப்பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த ஜோஸ்லின், நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினாள். அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. ஒரு ஸ்டீல் பீரோ, ஒரு டீப்பாய், சன்னலுக்கு வெளியே வெயிலில் வெளுத்த மருதமலை. அவ்வளவுதான்.

"யாரைக் கேக்கணும்ங்கம்மா?"

"என்ர தங்கச்சியத்தான். நாச்சியம்மா. இது அவ கையாக்கும்."

போர்வைமேல் கிடந்த தன் இடது கையைத்தான் அப்படிச் சொன்னாள்.

ஜோஸ்லின் பிசியோதெரபிஸ்ட். வடவள்ளியில் மலையடிவாரத்தை ஒட்டி இருந்த அந்த முதியோர் இல்லத்துக்குப் போத்தனூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவாள். மடங்காத முழங்கால்கள், உயராத தோள்கள், எழுந்து நிற்கப் பயப்படும் ஆட்கள் என்று மாலை வரை வேலை சரியாக இருக்கும். பக்கவாதம் வந்தவர்களை நிறையப் பார்த்திருந்தாள். ராசாத்தாளைப் போல மூளையின் வலப்பக்கம் அடைப்பு வந்தவர்களில் சிலருக்கு உலகத்தின் இடப்பக்கமே இல்லாமல் போய்விடும். தட்டில் பாதியை மட்டும் தின்றுவிட்டு இன்னும் பசிக்கிறது என்பார்கள். தலையில் ஒரு பக்கம் மட்டும் சீவிக்கொள்வார்கள். ஆனால் தன் கையையே இன்னொருத்திக்கு எழுதிக் கொடுத்துவிட்ட ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"இங்க பாருங்கம்மா" என்று ராசாத்தாளின் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று தன் ஆள்காட்டி விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். "இந்தக் கை உங்க தோள்லதானுங்க வந்து சேருது?"

ராசாத்தாள் முழங்கை வரைக்கும் கண்ணை ஓட்டினாள். அதற்குமேல், பக்கத்து வீட்டுக் கதையைக் கேட்டு அலுத்தவள் போலப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"எம்பக்கத்துல ஒண்டிப் படுத்திருக்கறா. கைய மட்டும் வெளிய நீட்டியிருக்கறா. மிச்சம் போர்வைக்குள்ள இருக்குது."

மதிய வெயில் அறைக்குள் தாராளமாக விழுந்துகொண்டிருந்தது. அப்படியும் ஜோஸ்லினுக்கு அந்தப் போர்வையை விலக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

"எதுக்கு வந்திருக்காங்களாம்?"

"செத்துப்போயிருப்பா. உசுரோட இருக்கறவ இப்படி வருவாளா கண்ணு?"

பயமோ அழுகையோ இல்லாமல், வீட்டுக்கு ஒறம்பரையாக விருந்தாளி வந்திருப்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஜோஸ்லின் நரம்பு டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் நீளமான ஓர் ஆங்கிலப் பெயரைச் சொன்னார். "சில பேருக்கு வர்றதுதான். வாதாடாதீங்க, தானாப் போயிரும். போகலைன்னா நிலைக்கண்ணாடி முன்னால உக்கார வெச்சுப் பாருங்க. நேர்ல பாத்தா ஒத்துக்காதவங்க கண்ணாடியில பாத்தா தன் கைன்னு ஒத்துக்குவாங்க."

எக்சர்சைஸ் ஹாலில் சக்கரம் வைத்த ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஜோஸ்லின் நினைத்துக்கொண்டாள்.

அந்த அடுத்த வாரத்தில்தான் ரூத் வந்து முறையிட்டாள். ரூத் அங்கே ரொம்ப நாளாக வேலை செய்யும் ஆயா. ஐம்பதைத் தாண்டியவள், எதற்கும் அசராதவள். "எனக்கு அந்த ரூம் வேண்டாம் ஜோஸ்லின். போர்வை மாத்தறப்ப அந்தக் கை என் சேலைத் தலைப்பப் புடிச்சுக்கிச்சு. விடவே மாட்டேங்குது. அந்தம்மா நல்லாத் தூங்கிட்டு இருக்காங்க!"

"அது ஒண்ணுமில்லக்கா. ஸ்ட்ரோக் வந்த கையில எது பட்டாலும் தன்னால மூடிக்கும். பச்சப்புள்ள விரலைப் புடிக்கற மாதிரி. மணிக்கட்டை உள்பக்கமா மடக்குனீங்கன்னா விட்டுரும்."

"எல்லாம் சரி" என்றாள் ரூத். "தூங்கறவங்க சிரிப்பாங்களா?"



கையை அப்படியே விட்டால் இறுகிப்போகும். தோள் மூட்டு நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. வலியும் வந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ராசாத்தாளோ வலது கையால் எதைச் சொன்னாலும் செய்தாள், இடது கைக்கு எதுவும் செய்ய மறுத்தாள். "அடுத்தவ கைய நானெப்படி ஆட்டறது? கேட்டுச் செய்யோணுமில்ல?" ஒரு நாள் சலித்துப்போய், வாசற்பக்கம் யாரும் வரவில்லையே என்று பார்த்துவிட்டு, ஜோஸ்லின் குனிந்து அந்தக் கையிடமே கேட்டாள்.

"நாச்சியம்மா, உங்க கையைக் கொஞ்சம் தூக்கிக்கட்டுங்களா?"

ராசாத்தாளின் முகம் மலர்ந்தது. "கேக்கறா பாரு. குடு சாமி" என்று தன் வலது கையால் இடது கையைத் தாங்கித் தூக்கி ஜோஸ்லினின் மடியில் வைத்தாள். முதல் தடவையாக அவளே தூக்கினாள்.

அன்றிலிருந்து வேலை மளமளவென்று நடந்தது. டீப்பாய்மேல் துண்டை விரித்து, இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் தள்ளச் சொல்லுவாள். "அக்காளும் தங்கச்சியும் சேர்ந்து தொடைங்க." கட்டில் விளிம்பில் உட்கார வைத்து உள்ளங்கையை மெத்தையில் ஊன்றி எடை கொடுக்கச் சொல்லுவாள். "நாச்சியம்மா, அக்கா சாயறாங்க, புடிச்சுக்குங்க." கை பிடித்துக்கொண்டது. செத்த மீன்போலக் கிடந்த தோளில் சிறு துடிப்பு வந்தது. பிறகு முழங்கை மடங்கியது.

ராசாத்தாள் காலையில் இட்லியில் ஒரு விள்ளலை எடுத்து அந்தக் கையின் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். குளிர் அடித்தால் முதலில் அந்தக் கையைப் போர்த்துவாள். தங்கச்சியின் கதை, எக்சர்சைஸ் நடுவில் துண்டு துண்டாக வந்தது.

கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டம். இரண்டே பெண்கள். தங்கச்சிக்காரி துடுக்கு. பத்தொன்பது வயதில், கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்ட வந்த வேலாயுதன் என்கிற பாலக்காட்டு ஆளோடு போய்விட்டாள்.

"எங்கய்யன் எங்களையெல்லாம் கெணத்தடியில நிக்கவெச்சுத் தலமுழுகச் சொன்னாரு. முழுகுனோம். அதுக்கப்பறம் ஊட்ல அவ பேரே எடுக்கக் கூடாது. எடுக்கல."

"கல்யாணம் ஆனப்பறம் உங்க வீட்டுக்காரர்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல கண்ணு. ஒத்தப் புள்ளன்னுதான் கட்டிக்குடுத்தாங்க."

போத்தனூர் வீட்டில் ஜோஸ்லினும் அவள் அப்பா மரியஅந்தோணியும் மட்டும்தான். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பிடும்போது அவரிடம் இதையெல்லாம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "பாத்து, அந்தக் கைக்கு ஞானஸ்நானம் குடுத்துராத" என்றார். இருவரும் சிரித்தார்கள். ஆனால் மறுநாள் ஸ்கூட்டரில் உக்கடம் குளத்தங்கரையில் வரும்போது, தான் ராசாத்தாளை விட நாச்சியம்மாளைப் பார்க்கத்தான் அவசரப்படுகிறோமோ என்று ஜோஸ்லினுக்குத் தோன்றியது. டாக்டர் சொன்ன கண்ணாடி ஹால் மூலையில் துணி போர்த்தி நின்றது. இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

ஒரு நாள், பக்கத்து அறை சுப்பண்ணன் வாக்கரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வராந்தாவில் வேகமாக நடந்து போனார். ஊன்றத்தான் வாக்கர் என்று எத்தனை சொல்லியும் அவருக்கு ஏறவில்லை. அதைப் பார்த்து ராசாத்தாள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கையில் இடது கை சரேலென்று எழுந்து அவள் தொடையில் போய் விழுந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சேலையோடு சதையைக் கிள்ளின.

"ஆ! பாரு, பாரு, கிள்ளறா!" என்று ராசாத்தாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "யாரையாச்சும் பாத்துச் சிரிப்பு வந்தா இப்படித்தான் கிள்ளுவா. கோயல்ல, எழவு ஊட்லகூட. எனக்குத் தொடையெல்லாம் கன்னிப்போகும்."

கொட்டாவி விடும்போதும் சிரிக்கும்போதும் செயலிழந்த கை தானாக எழும் என்பது ஜோஸ்லினுக்குத் தெரியும். படித்திருக்கிறாள், பார்த்தும் இருக்கிறாள். கை மொத்தமாக மடங்கி மேலே வரும், அவ்வளவுதான். இரண்டு விரல் மட்டும் தனியாகச் சேர்ந்து கிள்ளுவது கடைசியில், மாதக்கணக்கில் பயிற்சி செய்த பிறகு வருவது. அன்றுவரை அந்த இரண்டு விரலும் சேர்ந்து ஒரு பஞ்சைக்கூடப் பிடித்ததில்லை. அவள் பிறகு பஞ்சை வைத்துப் பார்த்தாள். பிடிக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் ராசாத்தாள் ஒன்று கேட்டாள். "கண்ணு, அவளுக்குப் பச்சக் கண்ணாடி வளவி ரெண்டு கை கொள்ள வேணும்னு ஆச. எங்கய்யன் வாங்கித் தரல. உடைச்சுப்போடுவான்னு. ஒரு கைக்காச்சும் வாங்கியாறயா?"

ராசாத்தாளின் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து அவள் கையில் எதையும் போட்டதில்லை. ஆனால் அவள் கேட்டது அவளுக்கு அல்லவே. ஜோஸ்லின் ஆர்.எஸ்.புரத்தில் இறங்கி வாங்கி வந்தாள். விரல்களை ஒடுக்கிப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். வயதான, நரம்பு தெரியும் கைதான். பச்சை வளையல் ஏறியதும், வெளியே நீட்டியிருந்த அது எவளோ ஒரு சிறு பெண்ணின் கையாகத்தான் தெரிந்தது. ரூத் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ராசாத்தாளின் மகன் மனோஜ்குமார் வந்தார். கணபதியில் பம்ப் மோட்டாருக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். வாரம் தவறாமல் வருவார், அம்மாவின் கால் விரலைக்கூட அழுத்திப் பார்ப்பார். அன்று வளையலைப் பார்த்ததும் ஜோஸ்லினை வராந்தாவுக்கு அழைத்தார்.

"ஏனுங்க மேடம், இது யாரு போட்டதுங்க?"

"நான்தாங்க. அம்மா கேட்டாங்க. அவங்களுக்கு இல்லைங்க, நாச்சியம்மாவுக்குன்னு."

"நாச்சியம்மா யாருங்க?"

"அம்மாவோட தங்கச்சி."

மனோஜ்குமார் அவளையே பார்த்தார். "எங்கம்மாவுக்குத் தங்கச்சி கெடையாதுங்களே. அவங்க ஒரே பொண்ணுங்க."

ஜோஸ்லின் ஒரு கணம், கதை முழுக்கவே அந்த அடைபட்ட மூளை கட்டியதுதானோ என்று நினைத்தாள். அந்தக் கணத்தில் அவளுக்கு வந்தது ஒரு பதைப்பு. யாரோ தெரிந்தவள் செத்துவிட்டதாகக் கேட்டதுபோல.

அவர் அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டார். பேசிவிட்டுப் போனை ஜோஸ்லினிடம் கொடுத்தார். "கண்ணாடி வெச்சுப் பாத்தீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"இல்லைங்க டாக்டர்."

"ஏன்?"

"இன்னைக்கே பாக்கறேங்க."

ஹாலில் கண்ணாடியின் துணியை எடுத்துத் துடைத்தாள். சக்கர நாற்காலியை அதன் முன் நிறுத்தினாள். மனோஜ்குமார் சுவர் ஓரமாக நின்றார்.

"கண்ணாடியில தெரியறது யாருங்கம்மா?"

"நாந்தான். எத்தன கெழவியாயிட்டேன் பாரு."

"அந்தம்மா மடியில ரெண்டு கை இருக்குதுங்களே. அது?"

ராசாத்தாள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வலது கையை அசைத்தாள். கண்ணாடிக்காரியும் அசைத்தாள். பிறகு, யாரும் சொல்லாமல், இடது கை மடியைவிட்டு லேசாக எழுந்தது. வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்தன.

"இதும் என்ர கைதான்" என்றாள் மெதுவாக.

குனிந்து நேரிலும் அந்தக் கையைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். அப்புறம் தலையைத் திருப்பி, இத்தனை வாரங்களாகத் திரும்பாத அந்த இடப்பக்கத்துக்கு முழுசாகத் திருப்பி, வெறும் தரையைப் பார்த்தாள்.

"நாச்சா?"

அடுத்த அறையில் இருப்பவளைக் கூப்பிடும் குரல். பதிலுக்குக் காத்திருந்தாள். ஹாலில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மனோஜ்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதக் கழட்டிப்போடு கண்ணு" என்றாள் ராசாத்தாள். "நானெப்படி வளவி போட்டுட்டு உக்காந்திருக்கறது?"

சோப்புத் தண்ணீர் விட்டு ஜோஸ்லின் கழற்றினாள். கடைசி வளையல் விரல் முட்டியில் மாட்டி உடைந்து தோலைக் கிழித்தது. ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

"வலிக்குது" என்றாள் ராசாத்தாள், ஆச்சரியத்தோடு.

அதன்பின் கை நன்றாகவே தேறியது. டம்ளரைப் பிடித்தது, சேலைக் கொசுவத்தைப் பிடித்தது. கைத்தடியோடு வராந்தாவின் கடைசிவரை போய்த் திரும்ப முடிந்தது. டாக்டர் பாராட்டினார். ஆனால் ராசாத்தாள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சொன்னதைச் செய்தாள், முடிந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஜோஸ்லின் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எம்மேல கோவமாங்கம்மா?" என்று கேட்டாள்.

"கோவமென்ன கண்ணு. நீ உன்ர வேலையப் பாத்த." பிறகு, சுவரைப் பார்த்தபடியே, "ஒருக்கா எங்கய்யன் அனுப்பிச்சாரு. ஒருக்கா நீ அனுப்பிச்சுப்போட்ட" என்றாள்.

மனோஜ்குமாருக்கு அந்தப் பெயர் மனதில் தைத்துவிட்டது. அம்மாவிடம் கேட்டால் வாய் திறக்கவில்லை என்று ஜோஸ்லினிடம் வந்து கேட்டுக்கொண்டார். மோட்டார் காயில் கட்டுகிறவர்களை அவருக்கு நிறையத் தெரியும். ஒருவரைக் கேட்டு இன்னொருவர் என்று விசாரித்துப் போனதில், கேரள எல்லையைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறையில் வேலாயுதன் பெயரிலேயே ஒரு ரீவைண்டிங் கடை இருந்தது. வேலாயுதன் செத்துப்போயிருந்தார். மகளும் மருமகனும் நடத்திக்கொண்டிருந்தார்கள். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டில், மூட்டுவலிக்குக் காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் நாச்சியம்மாள்.

"உசுரோட இருக்காங்க மேடம்" என்று அவர் அங்கிருந்தே போனில் சொன்னார். ஜோஸ்லினுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. ராசாத்தாளின் போர்வைக்குள் அப்படியென்றால் யார் இருந்தது என்றுதான் நினைத்தாள்.

காரில் அழைத்து வந்தார். நாச்சியம்மாள் கனத்த உடம்புக்காரி. முழங்கால்கள் வளைந்து, இருபக்கமும் ஆடி ஆடி நடந்து வந்தாள். வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா" என்றாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராசாத்தாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வந்தவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினாள். இடது கை, யாரும் தாங்காமல், நெஞ்சு வரைக்கும் எழுந்து வலது கையோடு சேர்ந்தது. ஜோஸ்லின் மாதக்கணக்கில் முயன்றது அந்த ஓர் அசைவுக்குத்தான். அன்றுதான் முதல் முறையாக வந்தது.

"வாங்க, வாங்க. உக்காருங்க. எந்த ஊருங்க?"

"அக்கா, நாந்தான். நாச்சா."

"ஆமாங்க, எம்பையன் சொன்னானுங்க. காப்பி சாப்படறீங்களா?"

நாச்சியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பேரப்பிள்ளைகள் எத்தனை, மழை உண்டா, தேங்காய் என்ன விலை போகிறது என்று ராசாத்தாள் குறைவில்லாமல் கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு 'ங்க' போட்டாள். மனோஜ்குமார் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி வந்தது, குடித்தார்கள். "போயிட்டு வாங்க. ஊட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க" என்று ராசாத்தாள் மறுபடி கை கூப்பினாள்.

கார் வேண்டாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று நாச்சியம்மாள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். ஜோஸ்லின் ஆட்டோவில் உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனாள். கொழிஞ்சாம்பாறை பஸ் வர நேரமாகும் என்றார்கள். இருவரும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அவங்க மனசார அப்படிச் செய்யலைங்க. மூளையில..."

"சாரமில்ல" என்றாள் நாச்சியம்மாள். பரவாயில்லை என்பதைப் பாலக்காட்டுப் பக்கத்துப் பேச்சில் சொன்னாள். "மூளையெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. ஒருக்கா பொள்ளாச்சிச் சந்தையில பாத்தேன். மனோசு அப்பக் கைப்புள்ள. எனக்கும் அவளுக்கும் நடுவால ஒரு தக்காளிக் கடைதான். அவளும் பாத்தா. பாத்துப்போட்டு, பாக்காத மாதிரி அக்கட்டால போயிட்டா. நான் கூப்புடல."

ஒரு பஸ் புகையைக் கக்கிக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்துவிட்டு, அவள் ஜோஸ்லின் பக்கம் திரும்பினாள்.

"நான் அவ கையில இருந்தேன்னு மனோசு சொன்னான். நீதான் எங்கூடப் பேசுனயாமா. எப்படி இருந்தேன்?"

ஜோஸ்லின் அவளைப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஊரில் இல்லாத நேரத்தில் தன் வீட்டில் என்ன நடந்தது என்று விசாரிக்கும் முகம்.

சொன்னாள். அவளைக் கேட்டுவிட்டுத்தான் கையைத் தொட வேண்டும் என்பதை, இட்லி விள்ளலை, போர்வையை, வளையலை. நாச்சியம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். சில இடங்களில் லேசாகச் சிரித்தாள். வாக்கரைத் தூக்கிக்கொண்டு போன சுப்பண்ணனைச் சொல்லி, "சிரிப்பு வந்தா நீங்க கிள்ளுவீங்களாமே" என்றபோது மட்டும் அவள் சிரிப்பு நின்றது.

"நானா?"

"ஆமாங்க. தொடையில. எழவு வீட்டுலகூட."

"நானில்ல கண்ணு" என்றாள் நாச்சியம்மாள். "அவதான் கிள்ளுவா. கன்னிப்போனது என்ர தொடை."

ஜோஸ்லினுக்குப் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டதுபோல இருந்தது.

"வளவிக்கும் நான் ஆசப்படல" என்றாள் நாச்சியம்மாள் கொஞ்சம் கழித்து. "எனக்குக் காட்டு வேலைக்கு அதெல்லாம் எடஞ்சல். யாரு ஆசப்பட்டாளோ." தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தாள். "இருந்தாலும் அந்தக் கையில இருந்த புள்ளைய எனக்குப் புடிச்சுத்தான் இருக்குது."

பஸ் வந்தது. படி உயரம். நல்ல காலை முதலில் வையுங்கள் என்று சொல்லி, ஜோஸ்லின் இடுப்பைத் தாங்கி ஏற்றிவிட்டாள். சன்னல் ஓரத்தில் உட்கார்ந்ததும் நாச்சியம்மாள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அவ என்னைய யாருன்னு நெனச்சாலும் சரி. நான் வருவேன்."

வந்தாள். அதன்பின் மாதத்துக்கு ஒரு தடவையாவது, கால் வலியோடு, பலாச்சுளையோ நேந்திரம் பழமோ கட்டிக்கொண்டு வந்தாள். ராசாத்தாள் அவள் வருகிற நாளில் தலை சீவி உட்கார்ந்திருக்க ஆரம்பித்தாள். பழத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். இருவரும் பேசிக்கொள்வார்கள், சில சமயம் வெகுநேரம். ஒரு தடவை ராசாத்தாள் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் சொன்னதாக ரூத் சொன்னாள். ஜோஸ்லின் அதைக் காதால் கேட்கவில்லை. "நல்ல மனுசி" என்று மட்டும் ராசாத்தாள் பிறகு அவளிடம் சொன்னாள். "பாவம், யாரோ ஒருத்திய நெனச்சுட்டு வருது."

ஆனால் நாற்காலியை எப்போதும் கட்டிலின் வலப்பக்கம்தான் போடச் சொல்வாள். இடப்பக்கம் வெயில் என்பாள். மழை நாளிலும் அங்கே வெயில் என்றுதான் சொன்னாள். மனோஜ்குமார் மறந்துபோய் ஒரு முறை அங்கே உட்கார்ந்தபோது, எழுந்திரு என்று கையைக் காட்டினாள்.

தோளைப் பார்ப்பதற்கு ஜோஸ்லின் மட்டும் இடப்பக்கம் போக வேண்டியிருந்தது. ராசாத்தாள் அதற்குத் தடை சொல்லவில்லை. கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவே நிறைய இடம் உண்டு. இருந்தாலும் அங்கே நிற்கும்போதெல்லாம் ஜோஸ்லின், யாரையும் இடித்துவிடக் கூடாதே என்பதுபோல், உடம்பை ஒடுக்கிக்கொண்டு சன்னல் ஓரமாகவே நின்றாள்.